முப்பது வருடம் கழித்து எந்தப் பெட்டியைத் திறப்பது?

கேள்வி இது: "கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. வயது 47. பள்ளி நாட்களில் பிளாஸ்டிக் விமான மாடல்கள் ஒட்டுவேன். கல்லூரி, வேலை, கல்யாணம் என்று விட்டுப்போய் முப்பது வருடம் ஆகிறது. மகள் கோவையில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், சாயங்காலம் காலியாக இருக்கிறது. மறுபடி தொடங்க ஆசை. 1/32 அளவில் பெரிய ஸ்பிட்ஃபயர் விமானம் ஒன்று வாங்கலாமா? பரணில் மேட்ச்பாக்ஸ் கம்பெனியின் பிரிக்காத பழைய மாடல் பெட்டியும் ஒன்று இருக்கிறது, அதில் தொடங்கலாமா? மிக்-21 மேலும் ஒரு கண். காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் ஏர்பிரஷ் கிடையாது."

நேராகச் சொல்லிவிடுகிறேன். 1/32 வேண்டாம். பரண் பெட்டி இப்போது வேண்டாம். மிக்-21 அடுத்த வருடம். இப்போதைக்கு 1/72 அளவில் (நிஜ விமானத்தின் நீளத்தில் 72-ல் ஒரு பங்கு), புதிதாக வெட்டிய வார்ப்பு அச்சில் வந்த, ஒற்றை எஞ்சின் சண்டை விமானம் ஒன்று வாங்குங்கள். மங்கலான இரண்டு மூன்று நிறங்களில் முடிந்துவிடுவதாக இருக்கட்டும். இவ்வளவுதான் பதில். ஏன் என்று கேட்டால் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

நான் விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடல் பாகங்களைப் பழுது பார்ப்பவனாக இருந்தவன், கடைசிச் சில வருடங்கள் சூலூரில். இப்போது குன்னூரில் பெட்ஃபோர்டுக்குக் கீழே குடியிருக்கிறேன். நானும் உங்களைப் போலப் பல வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்தவன்தான். நிஜ மிக்-21 இன் தகடுகளைக் கழற்றி மாட்டியவனுக்கு ஒரு சாண் பிளாஸ்டிக் என்ன பெரிய விஷயம் என்ற மிதப்பில், முதல் பெட்டியாகவே 1/48 அளவில் ஒரு மிக்-21 வாங்கினேன். பெயின்ட் அடிக்காத அலுமினிய நிறத்தில் முடிக்க வேண்டும் என்று ஆசை. அந்த ஜொலிப்பு வர அடியில் பளபளக்கும் கறுப்பு அடிக்க வேண்டும் என்று படித்திருந்தேன். கார்த்திகை மாதம். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியாத அளவுக்கு மூடுபனி. லாக்கர் என்ற, சீக்கிரம் காயும் பெயின்ட் ஸ்ப்ரே டப்பாவை எடுத்து அடித்தேன். பத்து நிமிடத்தில் கறுப்பு விமானம் முழுக்க விபூதி பூசினாற்போல வெளுத்துவிட்டது.

பெயின்ட் மேல் குற்றமில்லை. லாக்கரில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பின் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. பரப்பு சில்லிட்டதும் காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படிந்து, காய்ந்துகொண்டிருக்கும் பெயின்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே கணக்குதான். நான் அதைத் தேய்த்து, மறுபடி அடித்து, மறுபடி வெளுத்து, மூன்றாவது தடவை பேனல் கோடுகளே (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள்) அழிந்துபோய், பெட்டிக்குள் போட்டு மூடினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த எட்டு மாதம் நான் எதையும் தொடவில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. சமவெளியில் இருப்பவர்கள் எந்த விமானம் பிடிக்கும், எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்று பார்த்து கிட் தேர்ந்தெடுக்கலாம். நம் ஊரில் பெயின்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒட்டுவதற்கு எந்த மாதமும் நல்ல மாதம்தான். குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் அடித்துக் கொட்டும். ஊட்டி, கூடலூர் பக்கம் ஆனி, ஆடியிலேயே பிடித்துக்கொள்ளும். தை பிறந்து பங்குனி வரைதான் காற்று உலர்ந்து, பெயின்ட் சொன்ன பேச்சைக் கேட்கும். நான் இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஸ்ப்ரே டப்பாவையும் வார்னிஷையும் தொடுவதில்லை, சின்ன பாகங்களை ஒட்டிக்கொண்டிருப்பேன்.

ஆகவே கடையில் பெட்டியைப் பார்க்கும்போது முன்னால் இருக்கும் படத்தை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் இருக்கும் வண்ணக் குறிப்பைப் பாருங்கள். வெள்ளி நிறமா, தள்ளி வையுங்கள். பளபளப்பான வெள்ளை, மஞ்சள், சிவப்பு மூன்றும் பிரஷ்ஷில் எளிதில் மூடாது, நான்கு பூச்சு கேட்கும், திட்டுத் திட்டாக நிற்கும். கண்காட்சி அணிகளின் செக்கச் செவேல் ஜெட் விமானங்கள் எல்லாம் இதனால்தான் ஆரம்பத்துக்கு ஆகாது. போர்க்காலத்து மங்கலான பச்சை, மண் நிறம், சாம்பல் இவை மன்னிக்கும் நிறங்கள். பிரஷ்ஷின் தடம் கொஞ்சம் தெரிந்தாலும் வெயிலில் வெளுத்த பெயின்ட் மாதிரிதான் இருக்கும். இரட்டை இறக்கை விமானங்கள் அழகுதான், ஆனால் இரண்டு இறக்கைக்கும் நடுவில் கம்பி கட்ட வேண்டும், அதற்கு இப்போது போகாதீர்கள்.

ஏர்பிரஷ் இல்லை என்பதை ஒரு குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த வருடத்துக்கு அது நல்லதுதான். கம்ப்ரஸர் வாங்கினால் காற்றிலிருக்கும் ஈரமும் குழாய் வழியே வரும், அதைப் பிடிக்க ஒரு வடிகட்டி, புகை வெளியே போக ஒரு விசிறிப் பெட்டி என்று மாடலை விட்டுவிட்டு மெஷின் வேலை பார்த்துக்கொண்டிருப்போம். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்டில் வாலெஹோ என்ற பிராண்ட் பிரஷ்ஷுக்கு நன்றாக ஒத்துழைக்கும். டாமியா அக்ரிலிக் ஏர்பிரஷ்ஷில் தங்கம், பிரஷ்ஷில் முதல் பூச்சையே இழுத்துக்கொண்டு வரும். நீங்கள் சின்ன வயதில் அடித்திருக்கக்கூடிய ஹம்ப்ரோல் எனாமல் இன்னும் இருக்கிறது, பிரஷ்ஷுக்கு அருமையானது, ஆனால் மழைக்காலத்தில் என் வீட்டில் அது காய மூன்று நாள் எடுத்துக்கொள்கிறது. எனாமல், லாக்கர், ஒட்டும் சிமென்ட் இவை தீப்பற்றும் பொருட்கள் என்பதால் கூரியர்காரர்கள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். தரை வழியாகத்தான் வரும், மலை ஏற இன்னும் நாளாகும். கிட் ஆர்டர் போடும் அன்றே பெயின்டையும் போட்டுவிடுங்கள்.

இப்போது அளவு. 1/32-ல் ஒரு ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிக்கு நுனி 35 சென்டிமீட்டர். 1/48-ல் 23, 1/72-ல் பதினைந்தரை. பெரியதாக இருந்தால் கண்ணுக்கு எளிது என்று நினைக்கிறீர்கள், புரிகிறது. வெள்ளெழுத்து வந்த வயதுதானே. ஆனால் பாகம் ஒன்றரை மடங்கு பெரிதானால் பெயின்ட் அடிக்க வேண்டிய பரப்பு இரண்டேகால் மடங்கு ஆகிவிடுகிறது. 1/72-லிருந்து 1/32-க்குப் போனால் ஐந்து மடங்கு. அத்தனை பரப்பையும் பிரஷ்ஷால் ஒரே சீராகப் பூசுவது பழகிய கைக்கே சவால். அதோடு 1/32 பெட்டியில் எஞ்சின், துப்பாக்கி அறை, இருக்கை வார் என்று நூற்றுக்கணக்கில் பாகங்கள். மூன்று மாதம் கழித்தும் உங்கள் மேஜையில் விமான உருவம் எதுவும் இருக்காது. கண் பிரச்சினைக்குத் தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கினால் தீர்ந்தது. வாங்கும்போது விளக்கு வைத்ததாக வாங்குங்கள். மூடுபனி நாளில் பகல் மூன்று மணிக்கே நம் வீடுகளில் இருட்டிவிடும்.

அப்புறம் முடித்ததை எங்கே வைப்பது என்பது. இந்த ஊரில் திறந்த அலமாரியில் வைத்தால் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் 1/72 விமானங்கள் ஒரு தட்டில் எட்டு நிற்கும். 1/32 ஒன்று வைத்தால் தட்டு முடிந்தது. வீட்டில் இதைப் பற்றி ஒரு பேச்சு வரும், அதற்கும் தயாராக இருங்கள்.

புது அச்சு என்று சொன்னேனே, அதுதான் நீங்கள் ஏமாறக்கூடிய இடம். கிட் கம்பெனிகள் பழைய அச்சை விடவே மாட்டார்கள். அறுபதுகளில் வெட்டிய அச்சில் இன்றைக்குப் பிளாஸ்டிக் ஊற்றி, புது ஓவியம் போட்ட பெட்டியில் விற்பார்கள். பெட்டியின் மேல் அச்சு வெட்டிய வருடம் இருக்காது. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1950-களிலிருந்தே 1/72 ஸ்பிட்ஃபயர் விற்றுக்கொண்டிருக்கிறது. பலமுறை புதிதாக அச்சு வெட்டியிருக்கிறார்கள். 2010-ல் வந்த மார்க் ஒன்று-ஏ ரகத்தின் அச்சுதான் உங்களுக்கு வேண்டியது. பழையதில் பேனல் கோடுகள் மேடாக இருக்கும், இணைப்பை மணல்தாளால் தேய்த்தால் அவையும் போய்விடும். புதியதில் பள்ளமாக இருக்கும், தேய்த்தாலும் நிற்கும். ஸ்கேல்மேட்ஸ் என்ற இணையதளத்தில் பெட்டி எண்ணைப் போட்டால் அந்த அச்சு எந்த வருடம் பிறந்தது, எத்தனை பெட்டிகளில் வேஷம் மாறி வந்திருக்கிறது என்று ஜாதகமே வந்துவிடும். பணம் கட்டுவதற்கு முன் அந்த ஒரு வேலையைச் செய்துவிடுங்கள்.

நான் ஒருமுறை செய்யாமல் விட்டேன். ஆன்லைனில் ஒரு விற்பனையாளர் "புதிய வெளியீடு" என்று போட்டிருந்தார். வந்து பார்த்தால் பாகங்களின் ஓரமெல்லாம் மீன் துடுப்பு மாதிரி பிளாஸ்டிக் வழிந்து, இறக்கைக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் போகும் இடைவெளி. பெட்டி மட்டும்தான் புதிது.

கம்பெனிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. டாமியா ஜப்பானில் ஷிஸுவோக்காக்காரர்கள். பாகம் பாகத்தோடு உட்காருவதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை, விலையும் அப்படித்தான். செக் நாட்டு எட்வார்ட் நுணுக்கத்துக்குப் பேர் போனது. அவர்களுடைய ப்ரோஃபிபேக் பெட்டியில் தலைமுடி கனத்துக்குப் பித்தளைத் தகட்டுப் பாகங்கள் வரும், அவற்றை மடித்து ஒட்டுவது தனி வித்தை. அதே விமானம் வீக்எண்ட் பெட்டியில் அந்தத் தகடு இல்லாமல் குறைந்த விலையில் வரும், ஆரம்பத்துக்கு அதுவே போதும். போலந்தின் ஆர்மா ஹாபி பெரும்பாலும் 1/72-ல்தான் செய்கிறது, சின்ன அளவில் அசர வைக்கும் வேலை. ரெவெல்லில் நல்லதும் உண்டு, தாத்தா காலத்து அச்சும் உண்டு, ஜாதகம் பார்க்காமல் தொடக்கூடாது. "லிமிடெட் ரன்" என்று சொல்லப்படும் சிறு கம்பெனிகளின் பெட்டிகளில் பாகங்களைச் சேர்க்கும் முளையே பல சமயம் இருக்காது, நாமே அளந்து ஒட்ட வேண்டும். அபூர்வமான விமானம் என்று ஆசை காட்டும், மயங்காதீர்கள்.

ஏர்ஃபிக்ஸ் பற்றி ஒரு வேடிக்கை. சில வருடங்கள் அவர்களுடைய பெட்டிகளில் "இந்தியாவில் தயாரிக்கப்பட்டது" என்று அச்சிட்டிருந்தது. இங்கே வார்த்து, கப்பலேறி இங்கிலாந்து போய், அங்கிருந்து வரி கட்டி நம் கைக்கு வந்தது. வரி என்று சொன்னதால், 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான சுங்க வரியை 20-லிருந்து 60 சதவீதமாக ஏற்றினார்கள், 2023-ல் அது 70 ஆனது. அளவு குறைத்த மாடல்களும் சுங்கப் பட்டியலில் பொம்மைகளோடுதான் வருகின்றன. வெளிநாட்டுக் கடையில் விலை மலிவாகத் தெரிந்தால் அதன் மேல் தபால் செலவு, வரி எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, இங்கே ஸ்டாக் வைத்திருக்கும் கடையின் விலையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் இங்கேயே வாங்கிவிடுவீர்கள்.

சரி, எந்த விமானம்? என் வரிசையைச் சொல்கிறேன்.

முதலாவது அந்த 2010 ஏர்ஃபிக்ஸ் ஸ்பிட்ஃபயர். பெயின்ட், பிரஷ், பசை சேர்ந்த ஸ்டார்ட்டர் பெட்டியாகவும் வந்திருக்கிறது. நாற்பது பாகத்துக்குள் முடிந்துவிடும். இதைக் கைப்பழக்கத்துக்கு என்று நினைத்து ஒட்டுங்கள். பசை விரலில் பட்டு இறக்கையில் ரேகை விழும், விழட்டும். கேனபியை (விமானி தலைக்கு மேல் மூடும் கண்ணாடிக் கூடு) மட்டும் ஒழுங்காகச் செய்யப் பழகுங்கள், அங்கேதான் எல்லோருக்கும் கை நடுங்கும். ஸ்பிட்ஃபயர் கேனபியில் சட்டங்கள் குறைவு என்பதும் அதைச் சொல்ல ஒரு காரணம். டாமியாவின் 1/72 ஜீரோ என்ற ஜப்பானியச் சண்டை விமானத்தைச் சிலர் முதல் கிட்டாகச் சொல்வார்கள். மேலே கரும்பச்சை, கீழே சாம்பல், இரண்டே நிறம், பாகங்கள் கிளிக் என்று உட்காரும். 1942 ஏப்ரல் 5-ம் தேதி கொழும்பைத் தாக்க வந்த படையோடு வந்த விமானம் ஜீரோ. அந்த மாதம்தான் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னையே காலியானது. ஆனால் அதன் கேனபி பறவைக் கூண்டு மாதிரி சட்டம் சட்டமாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் டேப் வெட்டி ஒட்டுவதற்குள் பொறுமை போய்விடும். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, என் மனதுக்குப் பிடித்தது, ஹரிக்கேன் மார்க் இரண்டு. ஆர்மா ஹாபி 1/72. 1944-ல் இம்பாலை ஜப்பானியப் படை சூழ்ந்திருந்தபோது அர்ஜன் சிங் தலைமையில் நம் 1-வது ஸ்குவாட்ரன் ஓட்டியது ஹரிக்கேன்கள்தான். பச்சையும் மண் நிறமும் கலந்த மேல்பக்கம், மங்கலான கீழ்ப்பக்கம், எல்லாம் பிரஷ்ஷுக்கு ஏற்றவை. பர்மா முனையில் ஒரு விசேஷம், வட்டச் சின்னத்தின் நடுவில் இருக்க வேண்டிய சிவப்பு இருக்காது. ஜப்பானியரின் சிவப்பு வட்டம் என்று நினைத்துச் சொந்த ஆட்களே சுட்டுவிடக்கூடாது என்று சிவப்பை எடுத்துவிட்டு நீலத்திலேயே இரண்டு சாயல் வைத்தார்கள். இந்திய விமானப்படைச் சின்னங்களுக்கென்றே தனி டீக்கால் தாள்கள் (தண்ணீரில் நனைத்து எடுத்து ஒட்டும் படங்கள்) விற்கிறார்கள், பெட்டியில் இல்லாவிட்டாலும் வாங்கிக்கொள்ளலாம். முதல் ஸ்பிட்ஃபயரில் கற்றது எல்லாம் இதில் வந்து உட்காரும்.

மூன்றாவதாக ஜெட் வேண்டுமென்றால் மிக்-21-க்கு முன்னால் ஹன்டர் ஒன்று ஒட்டுங்கள். ரெவெல்லின் 1/72 ஹன்டர் நல்ல அச்சு. 1971 டிசம்பரில் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளை மணலிலேயே நிறுத்தியது ஜெய்சால்மரிலிருந்து பறந்த ஹன்டர்கள். பச்சை, சாம்பல் நிறக் கோலம்தான், வெள்ளி இல்லை. மூக்குச் சக்கரம் உள்ள எல்லா விமானத்துக்கும் ஒரு விஷயம்: மூக்குக்குள் எடை வைக்காமல் ஒட்டினால் முடித்த பிறகு வால் தரையில் உட்கார்ந்துகொள்ளும். தூண்டில்காரர்கள் போடும் ஈயக்குண்டு இரண்டு உள்ளே திணித்து ஒட்டிவிட்டுப் பிறகு உடலை மூடுங்கள். நான் மூடிய பிறகு நினைவு வந்து தலையில் அடித்துக்கொண்டது ஒருமுறை அல்ல.

நாட் என்ற சின்ன ஜெட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எப்படியும் கண்ணில் படும். 1971 டிசம்பர் 14-ம் தேதி ஶ்ரீநகரில் நிர்மல்ஜித் சிங் சேகோன் பறந்தது நாட். விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்கரம் அவருடையது. அந்தப் பெயரைப் பார்த்து ஏர்ஃபிக்ஸ் பெட்டியை எடுத்துவிடுவீர்கள். அதற்குள் இருப்பது பிரிட்டிஷ்காரர்களின் இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். நம்முடையது ஒற்றை இருக்கை, உடலே வேறு.

மிக்-21 இலும் இதே கண்ணி இருக்கிறது. 1971-ல் நம்மிடம் பறந்தது எஃப்.எல் ரகம். அதற்கு உள்ளே பீரங்கி கிடையாது, தேவைப்பட்டால் வயிற்றுக்குக் கீழே தனிக் கூடு மாட்டுவோம், முதுகும் மெலிசு. எம்.எஃப் ரகத்துக்கு முதுகு பருத்திருக்கும். பிஸ் இன்னும் பருமன். கடையில் அதிகம் கிடைப்பது எம்.எஃப், பிஸ் இரண்டும். எம்.எஃப் பெட்டியை வாங்கி 1971 டாக்கா என்று சின்னம் ஒட்டினால் பார்ப்பவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், தூக்கம் வராது. எட்வார்டின் 1/72 எம்.எஃப் அருமையான கிட், ஆனால் பாகங்கள் கடுகு கடுகாக இருக்கும். 2025 செப்டம்பர் 26-ம் தேதி சண்டிகரில் மிக்-21-க்கு விடை கொடுத்த பிறகு எல்லோருக்கும் அதன் மேல் பாசம் பொங்குகிறது, உங்களுக்கும் அதனால்தான் என்று நினைக்கிறேன். அவசரமில்லை. அடுத்த தை மாதம் வரட்டும், வெள்ளியே வேண்டாம், கடைசிக் காலத்துச் சாம்பல் நிறத்தில் அடியுங்கள்.

சாமான்கள் விஷயத்தில் அதிகம் செலவழிக்க வேண்டாம், பாதி நம் பஜாரிலேயே கிடைக்கும். மருந்துக்கடையில் மூன்றாம் எண் சர்ஜிக்கல் கைப்பிடியும் பதினொன்றாம் எண் பிளேடும் கேளுங்கள், அதைவிட நல்ல மாடல் கத்தி கிடையாது. ஆட்டோமொபைல் கடையில் 400, 600, 1000 என்று வாட்டர் பேப்பர். இடைவெளி அடைக்கக் கார் பெயின்டர்கள் பூசும் என்.சி. பட்டியே போதும், மெலிசாக வையுங்கள், கனமாக வைத்தால் பிளாஸ்டிக்கை அரிக்கும். ஃபேன்ஸி ஸ்டோரில் நகம் பாலிஷ் போடும் பஃபர். கேனபி ஒட்ட ஃபெவிகால், ஆமாம், பள்ளிக்கூட ஃபெவிகால்தான். காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகும், தவறினால் தண்ணீரில் துடைக்கலாம். ஃபெவிகுவிக்கைக் கேனபி பக்கமே கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும். ஹார்டுவேர் கடை தின்னரில் பிரஷ் கழுவலாம், பிளாஸ்டிக்கில் ஒரு சொட்டு விழுந்தாலும் உருகிவிடும். வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியவை என்றால் பாகங்களைப் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி எடுக்க நல்ல ஸ்ப்ரூ கட்டர், மாடலுக்கான மெல்லிய மாஸ்க்கிங் டேப், பச்சை மூடி டாமியா எக்ஸ்ட்ரா தின் சிமென்ட். நாம் சின்ன வயதில் டியூபிலிருந்து பிதுக்கிப் பூசினோமே, அந்த முறையே மாறிவிட்டது. இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து இணைப்பில் பிரஷ் நுனியைத் தொட்டால் போதும், பசை தானே கோடு நெடுகிலும் ஓடி, பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கிவிடும்.

இதில் ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சிமென்ட் பெட்ரோல் மாதிரி பற்றும். குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, பக்கத்தில் கணப்போ கம்பி சிவக்கும் ஹீட்டரோ வைத்துக்கொண்டு ஒட்ட உட்காருவது நம் ஊர்ப் பழக்கம். கூடவே கூடாது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் பால்கனிக் கதவுப் பக்கம் மேஜையைப் போடுங்கள்.

பெயின்ட் காய வைக்க நான் செய்திருப்பது பழைய மலைவாசி வித்தை. துணி பூஞ்சை பிடிக்காமல் இருக்க பீரோவுக்குள் பல்பு எரிய விடுவார்களே, அதேதான். மரப்பெட்டி ஒன்றில் பழைய குண்டு பல்பு 40 வாட், மாடலைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி. எல்.இ.டி. பல்பில் சூடு வராது, உதவாது. உள்ளே கை வைத்தால் இதமாக இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் இறக்கை வளைந்துவிடும். முழுக்க முழுக்கக் காய்ந்த பெயின்ட் மேல்தான் டீக்கால் ஒட்ட வேண்டும் என்பதால் இந்தப் பெட்டி எனக்கு ஏர்பிரஷ்ஷைவிட உபயோகமாக இருக்கிறது.

கடைசியாக உங்கள் மேட்ச்பாக்ஸ். இரண்டு மூன்று நிறப் பிளாஸ்டிக்கில் வந்த பெட்டியாகத்தான் இருக்கும், பேனல் கோடுகள் வாய்க்கால் வெட்டியது போல ஆழமாக. அதை முதலில் ஒட்டினால் என்ன ஆகும் என்றால், பாகங்கள் சரியாகச் சேராததற்குக் காரணம் முப்பது வருடத்தில் மங்கிய உங்கள் கையா, ஐம்பது வருடத்துக்கு முந்திய அச்சா என்று உங்களால் சொல்ல முடியாது. அதனால்தான் தள்ளி வைக்கச் சொல்கிறேன். பிளாஸ்டிக் கெட்டுப்போயிருக்காது. இறக்கை முறுக்கியிருந்தால் வெந்நீரில் முக்கி நிமிர்த்தலாம். செத்திருக்கக்கூடியது டீக்கால்தான்: மஞ்சளாகி, தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகும். இப்போதே பெட்டியை இறக்கிப் பாகங்களை எண்ணிப் பாருங்கள், கேனபி இருக்கிறதா என்று முக்கியமாக. டீக்கால் தாளை மட்டும் தனியாக எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு ஜிப் கவரில் போட்டு வையுங்கள். தை மாதத்தில் வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில், அந்தக் கவரோடு, படம் வெளியே பார்க்கும்படி டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சள் பெருமளவு வெளுத்துவிடும். கவர் இல்லாமல் ஒட்டாதீர்கள், காலையில் கண்ணாடியில் வடியும் பனித்தண்ணீரில் சின்னம் தாளை விட்டுக் கிளம்பிவிடும்.